சிலிண்டர் ‘போர்’: தோற்றமும் ஏற்றமும்

— பீரங்கியத் தூக்கிப்போடுங்க புலவரே. கௌரவ டாக்டர் பட்டம் வாங்கற மேடையில ஏறி நின்னு, ‘போர்’ங்கற சொல்லு பீரங்கிக் குழாய்ல இருந்து வந்துச்சுன்னு நான் படிச்சா நல்லாவா இருக்கும்?

— அது என் கருத்தன்று ஐயா. இந்தப் பெண் சொன்னாள். இவள் பாடப்புத்தகத்தில் அப்படி இருக்கிறதாம்.

— ஏம்மணி யுவஸ்ரீ, கேஜையும் மாஸ்டர் ரிங்கையும் எடுத்துட்டு மேல வான்னு சொன்னனா, புலவருக்குப் பாடம் நடத்தச் சொன்னனா?

— ரெண்டும் கொண்டாந்துட்டேனுங்க ஐயா. புலவரய்யாதான் ‘போர்’னா என்னம்மான்னு கேட்டாருங்க. சிலிண்டருக்குள்ள பிஸ்டன் போயி வர்ற ஓட்டை, அதோட உள்விட்டம், அதுக்குத்தான் அந்தப் பேருன்னேன். எங்கிருந்து வந்துச்சுன்னாரு. குடையறதுக்கு வெள்ளைக்காரங்க பழைய சொல்லுங்க அது. பீரங்கி குடையற மிஷினை வெச்சுத்தான் மொதல்ல நீராவி இன்ஜின் சிலிண்டரையும் ஒழுங்கா குடைஞ்சாங்க. அவ்வளவுதானுங்க சொன்னேன்.

— அவ்வளவுதானா? அதுல எங்க தாத்தன் எங்க?

— உங்க தாத்தா அதுல இல்லீங்க ஐயா.

— பாத்தீங்களா புலவரே. இதுதான் டிப்ளமா படிப்பு. வேரு இல்லாத படிப்பு. நீங்க சொல்லுங்க, தமிழ்ல இருந்து வந்துச்சா இல்லியா?

— வந்தது என்றே கொள்ளலாம் ஐயா. ‘புரை’ என்றால் உட்டுளை. புரை, போரை, போர். காற்று ஒன்று குறுக்கே அடித்தால் போதும், சொல் கடல் கடந்துவிடும். நயம் பாருங்கள்.

— நயம் இருக்கட்டுமுங்க. எங்கூட்ல அம்மாவுக்குப் போன வருசம் கண்ணுல புரைன்னு ஆப்பரேசன் பண்ணினோம். மேடையில புரைன்னு ஆரம்பிச்சா மொத வரிசையில உக்காந்திருக்கறவனுக எல்லாம் கண்ணைத் தொட்டுப் பாப்பானுக.

— அப்படியானால் இரண்டாம் பாடம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, இந்தச் சின்னவேடம்பட்டி மண்ணில், தங்கள் பாட்டனார் ஒரு சிலிண்டருக்குள் கையை விட்டு, ‘போர்’ என்று முழங்கினார். அன்றிலிருந்து இந்நகரமே அச்சொல்லை வழங்கத் தொடங்கியது.

— இதுதான்! இதை எழுதுங்க. அவரு முழங்கினாருங்கறதுக்கு சாட்சி வேணுமா?

— முழக்கத்திற்குச் சாட்சி தேவையில்லை ஐயா. எதிரொலி போதும்.

— ஐயா, நான் கேஜை வெச்சுட்டுக் கீழ போகட்டுங்களா? மிஷின் ஓடிட்டிருக்குது.

— நில்லு கண்ணு. உன்ற வேலையும் இங்கதான் இருக்குது. அந்தக் கடுதாசி மேசை மேல இருக்குது, பாத்தியா? பேனாவும் பக்கத்துலயே வெச்சிருக்கேன். படிச்சுப்போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுரு. பத்தரைக்கு சிலிண்டர் வாங்கற கம்பெனியில இருந்து ராமுலு வந்துருவாரு. அவர் கையில அதைக் குடுத்துட்டு நான் காலேஜுக்குக் கெளம்போணும்.

— படிச்சுட்டேனுங்க ஐயா.

— பின்னென்ன?

— ‘என் அறியாமையாலும் அவசரத்தாலும் அசட்டையாலும் நானூற்றுப் பன்னிரண்டு சிலிண்டர்களின் போர் பிழைபட்டது’ன்னு போட்டிருக்குதுங்க.

— மூன்றும் அகரத்தில் தொடங்குவதைக் கவனித்தாயா அம்மா? மன்னிப்புக் கடிதமே ஆனாலும் மோனை தப்பக் கூடாது.

— மோனை தப்பலீங்க. விசயந்தான் தப்புங்க.

— ஏய் அம்மணி, மெதுவா. புலவர் சென்னிமலை முப்பது வருசம் காலேஜ்ல தமிழ் சொல்லிக் குடுத்தவரு. ஆபீஸ்ல எழுதினா வறட்டு இங்கிலீஷ்ல எழுதுவானுக, படிக்கறவனுக்கு மனசு எளகாதுன்னுதான் அவரையே உட்டு எழுத வெச்சேன்.

— ராமுலு சார் ஹைதராபாத்துக்காரருங்க ஐயா. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க.

— அதுக்கு ஒரு காப்பி இங்கிலீஷ்ல இருக்குது. நீ கையெழுத்துப் போடு. எனக்கு உக்கார முடியல, நிக்க முடியல. இந்த டை வேற கழுத்த இறுக்குது. ஏனுங்க புலவரே, டாக்டர் பட்டம் வாங்கறப்ப டை மேல அங்கி போடுவாங்களா, டையக் கழட்டிப்போட்டு அங்கி போடுவாங்களா?

— எனக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை ஐயா. சற்று அமருங்கள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறீர்கள், என் கண்ணும் கூடவே நடக்கிறது.

— ஐயா, இந்தக் கடுதாசியில நான் கையெழுத்துப் போட்டா என்னாகுமுங்க?

— என்னாகும்? ராமுலு சமாதானமாவாரு. ஆர்டர் கைய உட்டுப் போகாது. நீ ஒரு மாசம் ஊட்ல இருப்ப. அப்பறம் பாக்கலாம்.

— அப்பறம் பாக்க மாட்டீங்க ஐயா. கீழ ஆபீஸ்ல எனக்குப் பதிலுக்கு ஆள் எடுக்க நேத்தே விளம்பரம் அடிச்சு வெச்சிருக்கறாங்க. இந்தக் கடுதாசி ஒரு தடவை வெளிய போச்சுன்னா இருகூர்ல இருந்து கணபதி வரைக்கும் ஒரு கேஜ் ரூம்லயும் என்னைய உள்ள உட மாட்டாங்க. அளக்கத் தெரியாதவன்னு பேரு வாங்கினவ அப்பறம் எதைங்க அளக்கறது?

— பேசறா பாருங்க. உங்கம்மா பாவாத்தா எங்க தொண்டாமுத்தூர் தோப்புல களை பறிச்சவ. நிமிந்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? அந்த விசுவாசத்துக்குத்தான் உனக்கு இங்க வேலை போட்டுக் குடுத்தேன்.

— பரிச்சை எழுதித்தானுங்க வந்தேன். அம்மாவுக்குக் கைநாட்டுத்தான் வருமுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாமயே வெச்சு வெச்சுப் பழகிட்டாங்க. அதுக்குத்தான் என்னையப் படிக்க வெச்சாங்க, படிச்சுப் பாத்துப்போட்டு கையெழுத்துப் போடட்டும்னு.

— நான்காம் பத்தியை வாசித்துக் காட்டட்டுமா ஐயா? நேரம் போகிறது.

— இருங்க புலவரே. இவளுக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லிப்போடறேன். கண்ணு, ராமுலு கேட்டது என்ன? ‘ஏன்’னு அஞ்சு தடவை கேட்டு, அஞ்சுக்கும் பதில் எழுதிக் குடுக்கோணும். கம்பெனி முறை. எழுதியாச்சு. பிஸ்டன் ஏன் சிக்குச்சு? போர் சின்னதா இருந்துச்சு. போர் ஏன் சின்னதாச்சு? அளவு தப்பு. அளவு ஏன் தப்பு? அளந்த புள்ள கவனமா இல்ல. முடிஞ்சுது.

— மூணுதானுங்க ஆச்சு.

— மூன்றாம் ‘ஏன்’னிலேயே விடை அகப்பட்ட பிறகு நான்கும் ஐந்தும் வீண் செலவல்லவா அம்மா?

— புலவரய்யா, நான் கவனமில்லாம அளந்திருந்தா ஒரு சிலிண்டர் பெருசா இருக்கும், ஒண்ணு சின்னதா இருக்கும், நாலு சரியா இருக்கும். நானூத்திப் பன்னெண்டும் இருபத்திரெண்டு மைக்ரான் சின்னதுங்க. ஒண்ணு கூட மாறல. ஒரு தலைமுடிய நீளவாக்குல மூணாக் கிழிச்சா அதுல ஒரு கீத்து. அந்த அளவுக்கு, எல்லாம் ஒரே மாதிரி தப்பு.

— அதனால?

— தோப்புக்குள்ள எலி பூந்தா அங்கொண்ணு இங்கொண்ணு கடிச்சிருக்குமுங்க ஐயா. ஆனை பூந்தாத்தான் ஒரே தடத்துல எல்லாம் சாஞ்சு கெடக்கும். இது எலியில்ல, ஆனைங்க.

— எங்க தோப்புல இருந்தே எனக்கு உதாரணமா? சரி, அந்த ஆனை எது?

— அதைத்தானுங்க பத்து நாளா தேடறேன். ஒண்ணு மட்டும் தெரியுது. ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து ஒம்பது நாள் ஓடின உருப்படி மட்டுந்தான் கெட்டிருக்குது. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி. அந்த ஒம்பது நாளு, நாங்க தெனமும் எடுக்கற ரிங்கு லேபுக்குச் சோதனைக்குப் போயிருச்சு. அதனால பீரோவுல இருந்து இந்த மாஸ்டர் ரிங்கை எடுத்து வெச்சுத்தான் கேஜுக்கு ஜீரோ வெச்சோம்.

— மாஸ்டர் ரிங்கையா சொல்ற? வாயில அடி! அது எங்க தாத்தன் ஜெர்மனியில இருந்து வரவழைச்சது. உலகத்தரம். இன்னைக்கு மேடையில அதைத்தான் கையில புடிச்சுட்டுப் பேசப்போறேன்.

— ரிங்கு தப்புன்னு சொல்லலீங்க. ஆவணி மாசம் லேப்ல குடுத்த சர்ட்டிபிகேட் இருக்குது, துல்லியமா இருக்குது. அதுதானுங்க எனக்கும் புரியல.

— புரியாததுக்குப் பேருதான் அறியாமை. கடுதாசியில மொத வார்த்தையே அதான். சரி, ராமுலு வர்றதுக்குள்ள எனக்கு அந்தக் கேஜை எப்படிப் புடிக்கறதுன்னு காட்டு. மேடையில நான் தப்பாப் புடிச்சு, போட்டோவுல வந்து, நாலு பேரு சிரிச்சுடக் கூடாது.

— சரிங்க ஐயா. இதுதான் ரிங்கு. எஃகு வளையம். நம்ம சிலிண்டரோட போர் எவ்வளவு இருக்கோணுமோ, கரெக்டா அந்த அளவுக்கு இதோட ஓட்டை இருக்கும்.

— அந்த நோட்டு எதுக்கு எடுத்துட்டு வந்த?

— ரிங்கு எங்க போனாலும் நோட்டும் கூடவே போகோணுமுங்க. தொட்டவங்க பேரு, தேதி, எதுக்காகத் தொட்டாங்க, கையெழுத்து. நீங்க போட்ட ரூலுதானுங்க.

— ஆமா ஆமா. புலவரே, அது உரையில வந்திருச்சா?

— வந்துவிட்டது ஐயா. மூன்றாம் பத்தி. ‘எங்கள் ஆலையில் தாய்வளையத்தைத் தீண்டும் எவரும் பதிவேட்டில் ஒப்பமிடுவர். சேர்மனுக்கும் இதில் விலக்கில்லை’.

— சபாஷ். அந்த எடத்துல நிறுத்துவேன். கை தட்டுவாங்க. நீ காட்டு அம்மணி.

— இந்தக் கேஜோட ரெண்டு முனையையும் ரிங்குக்குள்ள உட்டு, இப்படி லேசா ஆட்டோணுமுங்க. முள்ளு திரும்பற எடம் பாருங்க. அந்த எடத்துல டயலைத் திருப்பி சைபர்ல நிறுத்தினா ஜீரோ வெச்சாச்சு. இந்தாங்க, வெச்சுட்டேன். இனி சிலிண்டருக்குள்ள உட்டா, முள்ளு சைபர்ல நின்னா அளவு சரி. அந்தப் பக்கம் போனா பெருசு, இந்தப் பக்கம் வந்தா சின்னது. ஒரு சின்னக் கோடு ஒரு மைக்ரான்.

— இவ்வளவுதானா? இதுக்கா உங்களுக்கு ஏசி ரூமு? சரி, அதை அப்படியே மேசையில வை. ஆட்டிப்போடாத. மேடையிலயும் அப்படியே சைபர்ல நிக்கோணும்.

— டயலைப் பூட்டி வெச்சுட்டேனுங்க. ஆடாது.

— ஏனுங்க, போன் அடிக்குது பாருங்க. வேலா, சொல்லு. வண்டியில ஏசி போட்டு வை. மாலைய டிக்கியில போடாத, வாடிப்போகும், பின் சீட்ல வை. ராமுலு வந்தாருன்னா ரிசப்ஷன்ல உக்கார வெச்சு காப்பி குடு, மேல உடாத. நான் சொல்றவரைக்கும் உடாத. ம்.

— நான்காம் பத்தி, ஐயா.

— வாசிங்க. கண்ணு, நீ கையெழுத்துப் போட்டுட்டே கேளு.

— ‘போர் என்றால் என்ன? அது பொருளன்று. பொருளின் இன்மை. இரும்பு இல்லாத இடமே போர். ஆயினும் அந்த இன்மையில்தான் இயந்திரத்தின் உயிர் துடிக்கிறது. கோயிலுக்குக் கருவறை எப்படியோ, சிலிண்டருக்குப் போர் அப்படி.’

— இது என்ற கருத்து. போன மாசம் ராத்திரி தூக்கம் வராம உருண்டுட்டுக் கெடந்தப்ப தோணுச்சு. இன்ஜினியருங்க ஒருத்தனாவது இப்படி ரோசனை பண்ணியிருப்பானா? ஓட்டைன்னு சொல்லிட்டுப் போயிருவானுக. கருவறை! மேல படிங்க.

— ‘இந்தத் தத்துவத்தை ஏட்டில் எழுதியதோடு அமையாமல், சேர்மன் கிருபாசங்கர் அவர்கள் சென்ற ஆயுத பூஜையன்று செயலிலும் காட்டினார். ஏனைய ஆலைகளில் எந்திரத்தின் நெற்றியில் பொட்டிடுவர். நம் தலைவரோ, தம் திருக்கரத்தால், தாய்வளையத்தின் போருக்குள்ளேயே சந்தனம் இட்டு…’

— ரிங்குக்குள்ளயா?

— குறுக்கிடாதே அம்மா, இனிதான் உச்சம்.

— இல்லீங்க புலவரய்யா, சித்த இருங்க. ஐயா, சந்தனம் ரிங்கோட மேல் முகத்துல வெச்சீங்களா, உள்ள வெச்சீங்களா?

— உள்ளதான். கருவறைங்கறேன், வெளிய மட்டும் வெக்கறதா? மிஷினுக்கெல்லாம் வெளிய வெச்சாங்க, நான் தடுக்கல. மாஸ்டர் ரிங்குக்கு மட்டும் நானே வெச்சேன். முகத்துல ஒரு பொட்டு, அதோட உடல. கட்டைவிரல்ல சந்தனத்தைக் கொழைச்சு, உள்சுவத்துல மூணு சுத்து, பிரதட்சிணமா. மெழுகின மாதிரி, இருக்கறதே தெரியாம. நீ அன்னைக்கு இல்லியா?

— லீவுங்க. அப்பாவுக்குத் திதி, கொடுமுடி போயிருந்தேன். மறுநாள் வந்து பாத்தேனுங்க. ரிங்கு முகத்துல ஒரு பொட்டு இருந்துச்சு, குங்குமத்தோட. தொடைச்சுட்டு எடுக்கறேன்னு சரவணண்ணன்கிட்டக் கேட்டேன். சூப்பர்வைசரு அவருதானுங்களே. தொடைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையக் காட்டினாரு.

— ‘தலைவர் தம் திருக்கரத்தால் இட்ட மங்கலச் சந்தனத்தை அடுத்த ஆயுத பூஜை வரை எவரும் துடைத்தலோ தேய்த்தலோ கூடாது.’ அதுவும் அடியேன் எழுதியதே.

— முகத்துல இருந்தா அளவுக்கு ஒண்ணும் ஆகாது, முனை அங்க படாதுன்னு உட்டுட்டேனுங்க. உள்ளயும் இருக்குமுன்னு யாரு நெனைப்பாங்க? எண்ணெய்ப் பூச்சோட சேந்து கண்ணுக்கும் தெரியல.

— இப்ப எதுக்கு மூச்சு வாங்கற? என்ன கண்டுபிடிச்சுட்ட?

— ஐயா, சுவத்துல ஒரு பக்கம் பதினொரு மைக்ரான் சந்தனம், எதுத்த பக்கம் பதினொரு மைக்ரான். ரிங்கோட ஓட்டை இருபத்திரெண்டு மைக்ரான் சுருங்கிப் போச்சு. அதுதான் சரின்னு கேஜுல ஜீரோ வெச்சோம். அந்த ஜீரோவப் பாத்துப் பாத்து மிஷின்ல சிலிண்டரைக் குடைஞ்சோம். ஒம்பது நாளு. நானூத்திப் பன்னெண்டு.

— நிறுத்து.

— நாலாவது ‘ஏன்’ இதுதானுங்க ஐயா. அளவு தப்பினது ஜீரோ தப்பினதால. ஜீரோ ஏன் தப்பு? ரிங்குக்குள்ள சந்தனம். அஞ்சாவது…

— நிறுத்துன்னு சொன்னேன்! சந்தனத்தையா குத்தம் சொல்ற? சாமி காரியத்துல கை வெக்கறியா? கீழ நூத்தம்பது பேரு வேலை செய்யறாங்க. யுவஸ்ரீ சந்தனத்தால நட்டம்னு சொல்றான்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், தெரியுமா?

— சாமியச் சொல்லலீங்க ஐயா. சந்தனம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. வெச்ச எடந்தானுங்க.

— வெச்சது நானு!

— அதைத்தானுங்க நானும்…

— ஐயா, சற்றுத் தண்ணீர் அருந்துங்கள். முகம் சிவந்துவிட்டது. பட்டம் பெறும் முகம்.

— தண்ணி வேண்டாம், வேர்க்குது. ஏசிய எச்சு பண்ணுங்க. இதென்ன, கேட்டவன் என்ன சொல்லுவான்? நாலு கம்பெனிக்காரனுக முன்வரிசையில உக்காந்திருப்பானுக. டாக்டர் கிருபாசங்கர் ரிங்குக்குள்ள சந்தனம் பூசி நானூறு சிலிண்டரைக் கெடுத்தாருன்னு காதோட காது பேசினாப் போதும், பொதைச்சுப்போட்டுத்தான் போவானுக. இல்ல. நடக்காது. அந்த ரிங்கைக் குடு.

— ஐயா, தொடாதீங்க, ராமுலு சார் பாக்கட்டும்…

— குடுங்கறேன். புலவரே, உங்க டம்ளர்ல தண்ணி இருக்குதா? இந்தக் கர்சீப்பை நனைங்க. இது எங்கூட்டு ரிங்கு, எங்கூட்டுச் சந்தனம், நான் வெச்சேன், நான் எடுக்கறேன். சுற்றறிக்கை எல்லாருக்கும், எனக்கில்ல. இந்தா. இந்தா. இன்னொரு சுத்து. மூணு சுத்து வெச்சேன், மூணு சுத்து எடுத்தாச்சு. கர்சீப்புல மஞ்சளா ஏதாவது தெரியுதா? தொவைச்சாப் போயிரும். சந்தனம் எங்க அம்மணி? காட்டு. ராமுலுவக் கூப்புட்டுக் காட்டு. என்ன இருக்குது இங்க? ஓட்டைதான் இருக்குது.

— ஓட்டையன்று ஐயா, கருவறை.

— இருங்க புலவரே. என்ன அம்மணி, இப்ப கையெழுத்துப் போடறியா?

— போடறேனுங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுங்க. அந்தக் கேஜு அங்கயே இருக்குது. நீங்க தொடைக்கறதுக்கு முன்னாடி இதே ரிங்குல, உங்க கண்ணு முன்னாடி, ஜீரோ வெச்சேன். டயலும் பூட்டியிருக்குது. யாரும் அதை ஆட்டல.

— அதுக்கு?

— இப்ப அதே கேஜை அதே ரிங்குக்குள்ள ஒரு தடவை உடுங்க. நீங்களே புடிங்க. எப்படிப் புடிக்கறதுன்னு இப்பத்தான காட்டினேன்.

— எதுக்கு உடோணும்?

— சந்தனம் இல்லாமயே இருந்திருந்தா முள்ளு சைபர்லயே நிக்குமுங்க. நான் பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். அறியாமை, அவசரம், அசட்டை, மூணையும் ஒத்துக்கறேன்.

— புலவரே, என்ன பாக்கறீங்க?

— ஒன்றுமில்லை ஐயா. பந்தயம் நியாயமாக இருக்கிறதே என்று பார்த்தேன்.

— குடு, நானே புடிக்கறேன். சரி, உட்டாச்சு. இப்படி ஆட்டோணுமா?

— இன்னும் லேசா. ஆமாங்க. முள்ளு போயித் திரும்பற எடம்.

— நீ பாக்காத. தள்ளி நில்லு, சொவத்தோரமாப் போ. நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். புலவரே, உங்களுக்கு மிஷினும் தெரியாது, கேஜும் தெரியாது. கோட்டை எண்ணத் தெரியுமல்லங்க? கண்ணாடியப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க.

— முள் சுழியத்தில் இல்லை ஐயா.

— பக்கத்துலதான?

— பக்கம் என்று சொல்ல இயலாது. கோடு கோடாக எண்ணுகிறேன். ஐந்து… பத்து… பதினைந்து… இருபது… இருபத்தொன்று… இருபத்திரண்டு.

— மறுக்காவும் எண்ணுங்க. அவசரப்படாம எண்ணுங்க.

— மறுமுறையும் இருபத்திரண்டே ஐயா. கருவறை பெரிதாகிவிட்டது.

— நயமா சொல்லாதீங்க புலவரே! போன் வேற. என்ன வேலா? வந்துட்டாரா? காப்பி வேண்டாமுன்னுட்டாரா? மேல வர்றாரா? நான் உடாதேன்னு சொன்னனா இல்லியா? லிப்ட்ல ஏறிட்டாரா? கெரகம். வெச்சுடு.

— இந்த மன்னிப்புக் கடிதத்தை என்ன செய்யட்டும் ஐயா? கிழித்துவிடட்டுமா?

— மடிச்சு உங்க பைக்குள்ள வெய்யுங்க. கண்ணு, இங்க பாரு, கண்ணு. உனக்கும் எனக்கும் என்ன சண்டை? கடுதாசி வேண்டாம். நீ கையெழுத்துப் போட வேண்டாம். விளம்பரத்தையும் கிழிச்சுப் போடச் சொல்லிடறேன். காரணம் மிஷின்னு எழுதிக்கலாம், பழைய மிஷின்னு எழுதிக்கலாம். சந்தனத்தைப் பத்தி ராமுலுகிட்ட நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். தொறக்க மாட்டியல்ல?

— நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேனுங்க ஐயா. அவரு என்னைய ஒண்ணும் கேக்கவும் மாட்டாரு. வந்த ஒடனே ரிங்கு நோட்டைத்தான் கேப்பாரு. ஆயுத பூஜை அன்னைக்கு ரிங்கு பீரோவுல இருந்து வெளிய வந்திருக்குது, யாரு தொட்டாங்கன்னு இல்ல. கேட்டதுக்கு சரவணண்ணன் அப்பறம் நெரப்பிக்கலாம்னு அந்த வரியக் காலியா உட்டுட்டாரு. இன்னைக்கும் இப்பத் தொட்டிருக்கீங்க. சேர்மனுக்கும் விலக்கில்லீன்னு இன்னும் ஒரு மணி நேரத்துல மேடையில படிக்கப்போறீங்க. ரெண்டு வரிதானுங்க ஐயா. எதுக்காகத் தொட்டீங்கன்னும் எழுதி, இவத்த கையெழுத்துப் போடுங்க. பேனா இந்தாங்க, நீங்க எனக்கு எடுத்து வெச்சதுதானுங்க.